சும்மா இருந்த மீன்கள் ஏன் பதறின

என் மருமகளிடம் ஒரு லட்சம் மீன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாள், அவையும் திரும்பிப் பார்க்கும். சரி, லட்சம் என்பது என் வாய்க்கணக்கு. மொத்தம் நூற்று எண்பதுதான். பேரும் கிடையாது, தொட்டிக்கு ஓர் எண். திரும்பிப் பார்ப்பது தீனிக்காக. மற்றபடி, இனிச் சொல்லப்போவதில் பொய் குறைவு.

அவள் ஆராய்ச்சிக்கூடத்தில் மீன்களின் ஹார்மோன் ஏற்பிகளைப் படிப்பவள். ஹார்மோன் என்பது ரத்தத்தில் சுற்றிவரும் சேதி. ஏற்பி அந்தச் சேதியை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கும் ஆள். வாங்க ஆள் இல்லாவிட்டால் சேதி ஊரெல்லாம் சுற்றியும் பயனில்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய மீன்களில் பெரும்பாலானவற்றின் மூதாதைக்கு மரபணுக்கள் மொத்தமாக இரட்டித்துவிட்டனவாம். ஓர் ஆள் நின்ற இடத்தில் இரண்டு ஆள். அப்புறம் ஒவ்வோர் இனமும் தன் போக்கில் போனது. சிலவற்றில் ஒருவர் காணாமல் போனார். சிலவற்றில் இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

இவளுடைய மீனில், பதற்றச் சேதியான கார்டிசாலுக்கு இரண்டு ஏற்பிகள். ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் மாதிரி. மூத்தவள் மாமியார் தொண்டையைச் செருமினாலே எழுந்து வருவாள். இளையவள் கூரை இடிந்து விழுந்தால்தான் எழுவாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது மருமகளின் வாதம். அதை நிரூபித்தால் வேலை இன்னும் மூன்று வருஷம் நீளும். நிரூபிக்க அவளுக்குக் கொடுத்தது ஒரே வருஷம்.

ஒரு தொட்டி மீன்களைத் தினமும் ஐந்து நிமிஷம் வலையால் துரத்துவாள். பக்கத்துத் தொட்டியைச் சும்மா விடுவாள். பிறகு செவுள் நுனியில் கடுகளவு வெட்டியெடுத்து, எந்த ஏற்பி எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று அளப்பாள். சும்மா இருந்த மீன்களில் இளையவள் தூங்க வேண்டும். தூங்கவில்லை. துரத்தப்பட்டவை எப்படியோ அப்படியே இவையும். மறுபடி செய்தாள், அதே. மூன்றாம் முறையும் அதே. எட்டு மாத உழைப்பு ஆற்றில் கரைத்த புளி.

வீட்டில் பாத்திர மூடிகள் பேச ஆரம்பித்தன.

"குழம்புல நீ உப்பு ரெண்டு தடவை போட்டிருக்கேம்மா," என்றேன்.

"மீனே எல்லாத்தையும் ரெண்டா வச்சிருக்கு, நான் போட்டா என்ன?"

"உன் பேராசிரியர் என்ன சொல்றார்?"

"ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லைன்னு எழுதி மூடுங்கறார். அப்படி இருக்காது அத்தை. ஒரே வேலைக்கு ரெண்டு பேர்னா ஒண்ணு எப்பவோ அழிஞ்சிருக்கும். இத்தனை கோடி வருஷம் யார் தண்டச்சோறு போடுவா?"

மறுநாள் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைச் சாக்காக வைத்து அங்கே போனேன். மீன் அறை வெதுவெதுப்பாக, ஈரக் கோணி வாசனையோடு இருந்தது. தொட்டிகளைப் பராமரிப்பவரோடு மருமகள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் சும்மா விட்டு வச்சிருக்கிற பதினாலாம் தொட்டியை யாரோ தொந்தரவு பண்றாங்க. துடைக்கிறப்போ தட்டுறீங்களா?"

"அந்தப் பக்கம் நான் தும்மினதுகூட இல்லைம்மா. கதவு சத்தம் போடக்கூடாதுன்னு ரப்பர் ஒட்டி வச்சிருக்கேன். இன்னும் என்ன, மூச்சையும் நிறுத்திடவா?"

"பின்ன ஏன் பயப்படுது?"

"எனக்கென்ன தெரியும்? எல்லாம் ஒரே தண்ணியில கிடக்கற மீன்தானே."

"ஒரே தண்ணியா?"

அவர் கீழே கைகாட்டினார். எல்லாத் தொட்டியின் தண்ணீரும் குழாய் வழியே தரைமட்டத்தில் உள்ள பெரிய தொட்டிக்கு இறங்கி, வடிகட்டியில் புகுந்து, மோட்டாரில் ஏறி, எல்லாத் தொட்டிக்கும் திரும்பிவருகிறது.

"அழுக்கையெல்லாம் வடிகட்டி பிடிச்சுடும்மா," என்றார் சமாதானமாக.

மருமகள் கவிழ்த்துவைத்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள். வடிகட்டி எச்சத்தைப் பிடிக்கும். கரைந்த ஹார்மோனைப் பிடிக்காது. பதறிய மீன் செவுள் வழியே கார்டிசாலைத் தண்ணீரில் விடும் என்பது அவளுக்கு அரிச்சுவடிப் பாடம். சும்மா இருந்த மீன்கள் எட்டு மாதமாக அந்தத் தண்ணீரில்தான் மூச்சுவிட்டிருக்கின்றன. அடுத்த வீட்டுச் சண்டையைக் குழாயில் திறந்துவிட்ட மாதிரி.

"அந்தக் குழாயைத் தினமும் தாண்டித்தான் போறேன் அத்தை," என்றாள். "ரெண்டு தடவை செருப்பு மாட்டி விழப் பார்த்தேன்."

"கீழே பார்த்து நடன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

அவள் சிரிக்கவில்லை. பராமரிப்பவரிடம் மன்னிப்பு மட்டும் கேட்டாள்.

மிச்சம் நான்கு மாதம். துரத்த மூன்று, சும்மா விட மூன்று என்று ஆறு தொட்டிகளைக் குழாயிலிருந்து பிரித்தாள். அவற்றுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் மாற்ற வேண்டும். "மோட்டார் இருக்கறப்போ என் முதுகு எதுக்கும்மா?" என்று புலம்பியபடியே பராமரிப்பவரும் தூக்கினார். போன வாரம் அளந்து பார்த்தார்கள். சும்மா இருந்த மீன்களில் இளையவள் குறட்டை விட்டுத் தூங்குகிறாள்! பேராசிரியர் நாற்காலியிலிருந்து துள்ளிக் குதித்தார். வேலை மூன்று வருஷம் நீண்டது.

இத்தோடு முடிக்கலாம் என்று பார்த்தேன். என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த மருமகள் விடவில்லை.

"அத்தை, அவர் எங்கே குதிச்சார்? 'ம்'னார், அவ்வளவுதான். சும்மா விட்ட மூணு தொட்டியில ரெண்டுலதான் இளையவ அடங்கியிருக்கா. மூணாவதுல இன்னும் கொட்டக்கொட்ட முழிச்சிட்டிருக்கா, ஏன்னு தெரியலை. கெடுவுக்கு இருபது நாள் இருக்கு, திங்கட்கிழமை திரும்ப வாளி தூக்கணும். வேலை நீண்டதுன்னு எழுதியிருக்கீங்களே, அதை முதல்ல அடிங்க."