பெயர் வைக்காமல் பார்த்தவர்

எங்கள் கூடத்தில் நாங்கள் இரண்டு பேர் சேர்ந்துதான் ஒரு கண்ணைச் செய்வோம். கண்ணை எடுத்துவிட்டவர்களுக்கு வைக்கும் செயற்கைக் கண். குழியில் அச்செடுத்து, வெள்ளையை வார்த்து, வழவழவென்று தேய்த்துக் கொடுப்பது நான். கருவிழியை வரைவது ஆர்ட்டிஸ்ட் அக்கா. ட்யூப் லைட்டில் கண்ணின் நிறம் பொய் சொல்லும் என்பதால் ஜன்னலடி மேஜை அவருக்கு. பவுடர் பறக்கும் மூலை எனக்கு. இதைச் சொல்லிக் காட்டாமல் நான் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை.

அக்கா ஓவியக் கல்லூரியில் படித்தவர். வாழ்க்கையில் ஒரே ஒரு கண்காட்சி வைத்தார். பதினோரு பேர் வந்தார்கள். அதில் ஏழு பேர் சொந்தக்காரர்கள், ஒருத்தி நான். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் சட்டைப் பொத்தான் அளவு வட்டத்துக்குள்தான் அவருடைய ஓவியமெல்லாம். கல்யாணம் ஆகவில்லை. தம்பி வீட்டில் பின்னறை அவருக்கு. ஒரு மழைக்காலத்தில் தம்பி மனைவி அந்த அறையில் கொடி கட்டி ஈரத்துணி காயப்போட ஆரம்பித்தாள். சுவரோரம் திருப்பி வைத்திருந்த படங்களில் பூஞ்சை பூத்தது. வேறொருத்தியாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். அக்கா காதில் இயர்போன் மாட்டிக்கொண்டார்.

அன்று தொடங்கியதுதான் பாட்காஸ்ட் பைத்தியம். எல்லாமே கலையைப் பற்றி. ஒன்றில் இரண்டு நண்பர்கள் ஒரு ஓவியத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள். இன்னொன்று ஓவியர்களின் அன்றாடம்: யார் எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை காபி குடித்தார். அவர்கள் காபி குடித்த கதையைக் கேட்டுக்கொண்டு அக்கா தன் டீயை ஆறவிடுவார் என்று நான் கிண்டல் செய்வேன். மூன்றாவதுதான் அவருக்கு வேதவாக்கு. கட்டைக்குரலில் ஒரு அம்மா பேசுவார். பார்ப்பதைப் பற்றி மட்டுமே பேசுவார். ஒன்றைப் பார்த்தவுடன் அதற்குப் பெயர் வைக்காதே, பெயர் வைத்த நொடியே நீ பார்ப்பதை நிறுத்திவிடுகிறாய் என்பது அந்த அம்மாவின் பாட்டு. எத்தனை தடவை கேட்டாலும் அக்காவுக்கு அலுக்காது.

பொய் சொல்லக் கூடாது, அதைக் கேட்கத் தொடங்கியபின் அக்காவின் கை எங்கேயோ போய்விட்டது. பழுப்புக் கண் என்று நாம் ஒரே வார்த்தையில் முடிப்பதை அவர் பதினாறு நிறமாகப் பிரித்துப் போடுவார். அவர் வரைந்த கண்ணை வைத்துக்கொண்டு போனவர்களை அவர்களுடைய அம்மாக்களே உற்றுப் பார்த்துத்தான் எது செய்த கண் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

லேத் பட்டறைக்காரர் வந்தது அந்த நல்ல காலத்தில்தான். சுழன்ற இரும்பிலிருந்து சில்லு தெறித்து இடது கண் போயிருந்தது. ஐந்து மாதம் கழித்து மனைவியோடு வந்தார். வழக்கமாக ஒரே அமர்வில் நிறம் கிடைத்துவிடும். இவருக்கு மூன்று நாள் ஆனது. வலது கண்ணின் நிறம் பிடிபடவே இல்லை, கலங்கிய தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று அக்கா புலம்பினார். ஆனால் அந்தப் புலம்பலில் ஒரு குஷி இருந்தது. இரண்டாம் நாள் அந்த மனிதர் ஜன்னல் வெளிச்சம் கூசுகிறது என்றார். நான் எழுந்து போய்த் திரையைப் பாதி இழுத்துவிட்டேன். என் காதில் இயர்போன் கிடையாது. தெளிவாகக் கேட்டுத்தான் இழுத்தேன்.

எங்கள் தொழிலின் கோணல் இது. மருத்துவர்கள் வேலையை முடித்தபிறகுதான் எங்கள் வேலை தொடங்கும். போன கண்தான் எங்களுக்குக் கண். இருக்கிற கண் வெறும் மாதிரி, துணிக்கடைக்குக் கொண்டுபோகும் ரவிக்கைத் துண்டு போல. அதற்கு என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்பதே இல்லை.

கருவிழியின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தை நாங்கள் பொட்டு என்போம். அது வெட்டி வைத்த வட்டமாக டப்பாவில் இருக்கும், எடுத்து ஒட்ட வேண்டியதுதான். மூன்றாம் நாள் அக்கா ஒரு பொட்டை எடுத்து ஊசி முனையால் சுரண்டிக்கொண்டிருந்தார். கீழ்ப்பக்கம் லேசாக நசுங்கி, ஒரு ஓரத்தில் கூராக இழுத்துக்கொண்டு நின்றது. கோணல் பொட்டு வைத்தால் திருப்பி அனுப்புவார்கள் என்றேன்.

"அவர் கண்ணு அப்படித்தான் இருக்கு. இருக்கிறதைத்தான் நான் வரைவேன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பத்தொன்பது வருடத்தில் இதுதான் தன்னுடைய நல்ல வேலை என்றும் சொன்னார். எனக்குக்கூடப் பெருமையாக இருந்தது, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். கண்ணை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்த மனிதர் வாய்விட்டு அழுதார். மனைவி எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டாள்.

பத்து வாரம் கழித்து அவர்கள் திரும்பி வந்தார்கள். இந்த முறை மனைவி முன்னால் நடந்தாள், அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வலது கண்ணும் போய்விட்டது. ஒரு கண்ணில் பலத்த அடிபட்டால் எப்போதாவது மற்ற கண்ணும் உள்ளுக்குள் வீங்கிக் கெட்டுப்போகுமாம். கூச்சம் வருமாம், நிறம் மங்குமாம், பொட்டு கோணுமாம். ஒற்றைக் கண்ணுக்கு வேலை அதிகம், அதனால்தான் கூசுகிறது என்று நினைத்து அவர் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். மருத்துவர் செயற்கைக் கண்ணைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இது எந்தத் தேதியில் செய்தது என்று கேட்டாராம். நோயின் முதல் அடையாளம் அத்தனையும் இதில் இருக்கிறது, அந்த வாரமே வந்திருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம்.

சண்டை போடத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்து, நிதானமாகக் கேட்டார்.

"மேடம், கடைசியா அந்தக் கண்ணை நல்லா பார்த்தது நீங்கதான். எப்படி இருந்துச்சு?"

அக்கா சொன்னார். மறைக்கத் தெரியாத மனுஷி, ஒன்று விடாமல் சொன்னார். ஓரத்தில் சாம்பல் பூத்திருந்தது, உள்ளே மஞ்சள் மங்கியிருந்தது, பொட்டின் கீழே நசுங்கல், வெள்ளையில் கருவிழியைச் சுற்றி ஊதாச் சிவப்பு. அந்தச் சிவப்பை, ரத்த நரம்புக்காகப் பதிக்கும் பட்டு நூலில் இரண்டை அருகருகே வைத்துக் கொண்டுவந்தேன் என்றுகூடச் சொன்னார். நிறுத்துங்களேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு.

மனைவிதான் கேட்டாள். "இவ்வளவும் பார்த்திருக்கீங்க. ஏன் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நோயா இருக்கும்னு தோணவே இல்லைம்மா. அழகா இருக்குன்னுதான் தோணுச்சு."

அந்த மனிதர் எழுந்தார். நான் கதவைத் திறந்துவிட்டேன், அது ஒன்றுதான் என்னால் முடிந்தது. மாடிப்படியில் மனைவி ஒவ்வொரு படியாக எண்ணிச் சொல்லி அவரை இறக்கிக் கூட்டிப்போனாள். அவள் எண்ணியது கடைசிப் படி வரைக்கும் எங்கள் இருவருக்கும் கேட்டது.