பெரிய மிஸ்ஸின் இரண்டாவது ஞாயிறு

பெரிய மிஸ் போய்விட்டார். இன்று விடிகாலையில்... சேத்தியாத்தோப்பில், தம்பி வீட்டில்.

எங்கள் ஹாஸ்டல் பள்ளியின் தலைமை ஆசிரியை. நெய்வேலி டவுன்ஷிப்பில், ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை, ஏழு வருஷம் அவர் கையில்தான் இருந்தேன்.

டைம்லைன் முழுக்க அவர் படம். "சமத்துவம் ஊட்டிய தாய்." "எங்களைச் செதுக்கிய சிற்பி." படிக்கப் படிக்க எரிகிறது.

பொய் என்று சொல்லவில்லை. பாதியை மட்டும் சொல்லாதீர்கள் என்கிறேன்.

அட்மிஷன் அன்று எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்: "கேட்டுக்கு வெளில நீங்க யார் பொண்ணா வேணா இருங்க. உள்ள வந்துட்டா எல்லாரும் ஒண்ணு. அப்பா என்ன வேலைன்னு யாரும் யாரையும் கேக்கக் கூடாது, யாரும் சொல்லவும் கூடாது."

சுரங்கக் கம்பெனியில் பர்மனென்டா கான்ட்ராக்டா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பெயரையே கேட்கும் ஊர் அது. அங்கே அப்படி ஒரு விதி பெரிய விஷயம்தான். மெஸ்ஸில் எங்களோடு வரிசையில் நின்று, அதே தண்ணிச் சாம்பாரைச் சாப்பிட்டு, தட்டைத் தானே கழுவியவர். என் கண்ணால் பார்த்தது.

ஆனால் இன்னொரு விதி இருந்தது. அதைத்தான் இன்று யாரும் எழுதவில்லை.

பெற்றோர் வந்து பார்க்கலாம். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, நான்கு மணியிலிருந்து ஐந்து மணி வரை. வேறு நாள் கிடையாது, போன் கிடையாது. வீட்டு நினைப்பு இருந்தால் படிப்பு ஏறாது... அது அவருடைய கொள்கை.

எனக்கு அம்மா இல்லை. ஐந்தாவது படிக்கும்போதே போய்விட்டார். பார்க்க வருவதென்றால் அப்பா மட்டும்தான்.

எங்கள் வீடு மந்தாரக்குப்பத்தில். பஸ் ஏறினால் உட்கார இடம் தேடுவதற்குள் பள்ளி வந்துவிடும். அவ்வளவு பக்கம்.

அப்பா ஒரு கான்ட்ராக்டரிடம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். பர்மனென்ட் ஆட்கள் ஷிஃப்டை மாற்றிக்கொண்டாவது வந்துவிடுவார்கள். அப்பாவுக்கு ஞாயிறுதான் நாள் முழுக்க லோடு. ஒரு ஞாயிறு போகவில்லை என்றால் அடுத்த வாரம் லிஸ்டில் பெயர் இருக்காது.

கீழ் வகுப்புகளில் லீவுக்கு வீட்டுக்குப் போய்ச் சமாளித்தேன். பத்தாவதில் லீவிலும் ஸ்பெஷல் கிளாஸ். ஜூனில் கேட்டில் விட்டுவிட்டுப் போன அப்பாவைத் தீபாவளி தாண்டியும் பார்க்கவில்லை.

ஆபீஸுக்குப் போய்க் கேட்டேன். "மிஸ், எங்கப்பாவுக்கு ஞாயித்துக்கெழம லோடு இருக்கு மிஸ். வேற எந்த நாள்னாலும் வந்துடுவாரு. பத்து நிமிஷம் போதும் மிஸ்."

"அப்பா வேலையப் பத்தி இங்க பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

அவரே தொடர்ந்தார். "போன வாரம் ஒரு ஆபீஸர் புதன்கிழம கார்ல வந்து நின்னாரு. திருப்பி அனுப்பிட்டேன். உங்கப்பாவ விட்டா நாளைக்கு அவர நான் எப்படி நிறுத்தறது? நீயே சொல்லு."

பதினைந்து வயதில் எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். அந்த ஆபீஸர் அடுத்த முறை சரியான ஞாயிறு பார்த்து வந்து, மகளுக்குக் கேக் ஊட்டிவிட்டுப் போனார். எங்கப்பாவுக்குச் சரியான ஞாயிறு என்று ஒன்று கிடையாது மிஸ். அதைச் சொல்லலாம் என்றால் வேலையைப் பற்றிப் பேசக் கூடாது. நல்ல சமத்துவம்.

பிப்ரவரியில் அப்பா வந்தார். இரண்டாவது ஞாயிறு, சரியாக நான்கு மணிக்கு. சிரித்துக்கொண்டே வந்தார். வலது கையில் பெரிய கட்டு.

லாரியின் பின்கதவில் மாட்டி இரண்டு விரல் போயிருந்தது.

"என்னப்பா இது..."

"உடு. ஒரு மாசத்துக்கு வேலைக்கு வராதன்ட்டாங்க. அதான் ஞாயித்துக்கெழம கெடச்சிது." ஜோக் அடிக்கிறாராம்.

பெரிய மிஸ் எங்கள் பெஞ்சுப் பக்கம் வந்தார். "கையில என்னங்க?"

அப்பா எழுந்து நின்றார். "லேசான அடிதாங்க மேடம். புள்ள நல்லா படிக்கிதுங்களா?"

"படிக்கிறா. உக்காருங்க."

ஐந்து மணிக்கு பெல் அடித்தது. எல்லாரையும் போல அப்பாவும் எழுந்து போனார். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். ஒரு அஞ்சு நிமிஷம்... கேட்கவில்லை, பார்த்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை மதியம் பேட்ச் குரூப்பில் போட்டேன். உடனே ஒருத்தி: "இன்னைக்குமாடி? அவங்க இல்லன்னா நீ சென்னைல ஐ.டி.ல உக்காந்திருப்பியா?"

உட்கார்ந்திருக்க மாட்டேன். அதற்காக?

சாயங்காலம் அப்பா போன் செய்தார். சேத்தியாத்தோப்பு போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்லவே இல்லை.

"நீ ஏம்ப்பா போன?"

"போவாம? உன்ன படிக்க வச்சவங்கம்மா."

"உன்ன பாக்க உடாதவங்க."

"அது வேற." பஸ் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார். "உங்க ஸ்கூல் புள்ளைங்கள அவ்வளவா காணமே. நாலஞ்சி பேரு, மீதி சொந்தக்காரங்க. நான் சுடுகாடு வரிக்கும் போயிட்டுதான் வந்துகினு இருக்கேன். யாருன்னு கேட்டாங்க. ஸ்கூல்ல படிச்ச பொண்ணோட அப்பான்னேன்."

"எம்பேரச் சொன்னியா?"

"நீதான் வரலியே. பேரு எதுக்கு?"

காலையில் பஸ் ஏறியிருந்தால் மதியத்துக்குள் போயிருக்கலாம். போகவில்லை. உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருந்தேன்.

போய் வாருங்கள் மிஸ். கோபம் அப்படியேதான் இருக்கிறது.