ஜோலீன் பெக் எதிர்ப்பக்கம் போன கதை

டொலிடோ நகரத்திலிருந்து வயல்களுக்கு நடுவே நூல் பிடித்தாற்போல் வரும் நெடுஞ்சாலை, எங்கள் ஸ்டோனர் கிரீக் ஊருக்குள் நுழைந்ததும் பள்ளிக்கூடத்தை ஒட்டிப் போகிறது. ஐம்பத்தைந்து மைல் வேகத்தில் வருகிறவர்கள் தானியக் கிடங்கைத் தாண்டியதும் இருபத்தைந்துக்கு இறங்க வேண்டும். யார் இறங்குகிறார்கள்? கிடங்கின் நிழலில் எங்கள் ஒரே போலீஸ் கார் நிற்கிறது என்று உள்ளூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மாட்டிக்கொள்வதில் எங்களுக்கு இணை யாருமில்லை.

மாட்டியவர்கள் செவ்வாய்க்கிழமை மாலை மேயர் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். ஊர் மன்றக் கூடத்திலேயே நடக்கும். பகலெல்லாம் பன்றிப் பண்ணையில் நிற்கும் மேயர் டெல்பர்ட் ரூப், குளித்துவிட்டு வந்து நீதிபதி நாற்காலியில் உட்காருவார். ஊரின் சார்பில் வாதாட ஒரு வக்கீலை வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்வது வழக்கம். எதிர்த்தரப்பில் யார் என்று கேட்கவே வேண்டாம், ஜோலீன் பெக்தான். மன்றத்தின் எழுத்தராக ஓரத்தில் உட்கார்ந்து இந்தக் கூத்தையெல்லாம் எழுதுவது என் வேலை. சினிமாவுக்குப் போகும் செலவு எனக்கு மிச்சம்.

ஜோலீனின் அப்பா நொறுங்கிய கார்களை இழுத்துப் போகும் லாரி வைத்திருந்தார். அம்மா ஆலையில் வேலைக்குப் போனதால் இவள் அந்த லாரியிலேயே வளர்ந்தாள். வளர்ந்து, முதியோர் இல்லத்தில் சமையல் செய்தாள். முப்பது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் சட்டம் படித்து, இரும்புச் சாமான் கடையின் மாடியில் வக்கீல் பலகை மாட்டினாள். அவள் அங்கே சிரித்தால் எதிரே தபால் ஆபீஸில் கேட்கும்.

அவள் முதல் வழக்கில் ஜெயித்ததை ஊர் இன்னும் பேசுகிறது. வேக வரம்புப் பலகையை மேப்பிள் இலைகள் மூடியிருக்கின்றன என்று சொல்லி, நீதிமன்றத்தையே எழுப்பி வாசலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். மறுநாளே மரத்தை வெட்டிவிட்டோம். அடுத்த வழக்கில் வேகம் அளக்கும் கருவியின் கணக்கே தப்பு என்று காட்டினாள். ஊரே அவளிடம் போனது. சிலர் சோளமும் பன்றி இறைச்சியும் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார்கள்.

எங்கள் ஒப்பந்த வக்கீல் முதுகுவலி வந்து, வெயில் தேடி அரிசோனாவுக்குப் போய்விட்டார். புது ஆள் தேடி விளம்பரம் கொடுத்தோம். டொலிடோவில் ஒரு பெரிய வக்கீல் நிறுவனம் விண்ணப்பித்தது. இன்னொரு விண்ணப்பம் ஜோலீனுடையது. படித்ததும் நான் மாடிப்படி ஏறி ஓடினேன்.

"என்னடி இது, பைத்தியமா உனக்கு? ஊரையே காப்பாத்திட்டு இப்ப ஊரையே மாட்டிவிடப் போறியா?"

"உக்காரு கோனி, மூச்சு வாங்குது பாரு," என்றாள். சிரிக்கவில்லை. "கைல்னு அந்தப் பயலை வேகமாப் போன கேஸுலேர்ந்து மூணு தடவை வெளிய கொண்டு வந்தேன்ல? போன மாசம் காரோட பள்ளிக்கூட வேலியைப் பிச்சுக்கிட்டு உள்ள போயிட்டான். நல்லவேளை, ஞாயித்துக்கிழமை. ஊஞ்சல்ல யாரும் இல்ல. அந்த வெறும் ஊஞ்சலைப் பாத்துட்டு வந்தேன். அதுலேர்ந்து அந்தப் பக்கம் நின்னு என்னால பேச முடியல கோனி."

"கிடைக்கலேன்னா?"

"கொலம்பஸ்ல காப்பீட்டுக் கம்பெனியில கூப்பிடுறாங்க. கடையை மூடிட்டுப் போயிடுவேன். வேற என்ன பண்ண?"

அவளில்லாத ஊரில் எனக்குச் செவ்வாய்க்கிழமை எதற்கு?

வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் நாளன்று கூடம் நிரம்பி வழிந்தது. கால்பந்து இறுதிப் போட்டிக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. யாரோ ஸ்ட்ராபெரி பழம் வைத்துச் சுட்ட பலகாரம் கொண்டுவந்திருந்தார்கள். டொலிடோ நிறுவனத்தின் சார்பில் பிரெஸ்டன் கேல் என்ற இளைஞர் வந்திருந்தார். நல்ல கோட்டு, நல்ல பல்வரிசை. பள்ளிக்கூடத்துக்கு எதிரேதான் அவரை போலீஸ் கார் நிறுத்தியதாம். கையில் அபராதச் சீட்டோடு உள்ளே வந்ததும் கூடம் கை தட்டியது.

மன்றத்தில் ஐந்து உறுப்பினர்கள். ஒருவர் குளிருக்குப் பயந்து புளோரிடாவில் இருந்தார். மீதி நான்கு பேரில் மூன்று பேர் ஆமாம் சொன்னால்தான் ஒப்பந்தம். மேயர் தலைமை தாங்குவார், அவருக்கு ஓட்டு கிடையாது. எங்கள் ஊரில் ஒரு கறாரான வழக்கம் உண்டு. முடிவெடுக்கும் விஷயத்தோடு தனக்கு ஏதாவது தொடர்பு இருந்தால், உறுப்பினர் எழுந்து போய்ப் பொதுமக்களோடு உட்கார வேண்டும். நான் வழக்கம்போல் கேட்டேன்.

"விண்ணப்பிச்சவங்க யாராவது உங்களுக்கு வக்கீலா இருந்ததுண்டா?"

கார் பட்டறை ராண்டி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "ஜோலீன் எனக்காக ரெண்டு தடவை..." என்று முணுமுணுத்தபடி போய் உட்கார்ந்தான்.

"ரெண்டா? பொய் சொல்றான், அஞ்சு தடவை!" என்று அவன் மனைவி பின்னாலிருந்து கத்தினாள்.

அடுத்து லோவெல் எழுந்தார், தானியக் கிடங்கு மேலாளர். பிறகு ட்வைலா. பள்ளிப் பேருந்து ஓட்டும் ட்வைலாவும் எழுந்தபோது கூடம் ஊளையிட்டது. "பஸ்ஸுல இல்ல! என் சொந்தக் கார்ல!" என்று அவள் முகம் சிவந்து கத்தியது யார் காதிலும் விழவில்லை. கடைசியில் மேயரும் கழுத்தைச் சொறிந்துகொண்டு இறங்கிவிட்டார்.

அந்த நீள மேசையில் மிஞ்சியவர் எர்மா ஷ்ரோக் ஒருவர்தான். எண்பதை நெருங்கும் ஒல்லி உடம்பு. கார் ஓட்டத் தெரியாது. எங்கும் நடந்தே போவார். ஜோலீனோடு அவர் பேசி வருஷக்கணக்காகிறது. எதிரே வந்தால் தெருவைக் கடந்து போவார். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஸ்ட்ராபெரி பலகாரத்தில் இன்னொரு துண்டு எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டார்.

"இப்ப என்ன பண்றது?" என்றார் மேயர், பொதுமக்கள் நடுவிலிருந்து.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம். பிரெஸ்டன் கேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மன்னிச்சுக்கோங்க. இத்தனை பேரு விலகிட்டா முடிவெடுக்கப் போதுமான ஆளே இல்லாமப் போயிடும். அந்த மாதிரி நேரத்துல, விலகினவங்க எல்லாரும் திரும்பி வந்து உக்காரலாம். சட்டம் இடம் கொடுக்குது."

"தம்பி, நாங்க எல்லாம் ஜோலீனோட ஆளுங்க. இதைச் சொல்லாம இருந்திருந்தா உனக்கு நல்லது," என்றார் லோவெல்.

"தெரியும் சார். ஆனா இதைப் பாத்துட்டுச் சும்மா உக்கார முடியல."

எல்லோரும் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். முதலில் பிரெஸ்டனிடம் கேட்டோம். மரியாதையாகவும் சுருக்கமாகவும் பதில் சொன்னார். பிறகு ஜோலீன் எழுந்து நின்றாள்.

"தெரிஞ்சவங்க வந்து நின்னா என்ன பண்ணுவே ஜோலீன்?" என்று மேயர் கேட்டார்.

"எனக்கு யாருதான் தெரியாது டெல்பர்ட்? வேகமாப் போறவனையும் தெரியும், குறுக்க வர்ற பிள்ளையையும் தெரியும். இத்தனை நாள் முதல் ஆளுக்காகப் பேசினேன். இனிமே ரெண்டாவது ஆளுக்காகப் பேசணும்."

ஜோலீனுக்கு ஒப்பந்தம் கொடுக்கலாமா என்று கேட்டு நான் ஒவ்வொரு பெயராகப் படித்தேன். லோவெல், ஆமாம். ட்வைலா, நாள் பூரா பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள், ஆமாம். ராண்டி மட்டும் இல்லை என்றான். "எனக்கு அவ வேணும். எனக்கு!" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டான். சிரிப்பு அடங்க நேரமானது.

மிச்சம் எர்மா. மூன்றாவது ஆமாம் அவரிடமிருந்துதான் வர வேண்டும். நான் அவர் பெயரைப் படித்தேன். ஜோலீன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எர்மா முள்கரண்டியைக் கீழே வைத்தார். நிதானமாக வாயைத் துடைத்தார்.

"இந்தத் தெருவுல என்னை இடிக்கப் பாத்தவன் எத்தனை பேரு தெரியுமா? அத்தனை பேரையும் இவ தப்பிக்க வச்சா. இன்னார்தான்னு எனக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும், போலீஸுக்கும் தெரியும். இருந்தும் சிரிச்சுக்கிட்டே வெளிய வருவானுங்க. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும்."

எர்மா தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"இவ்ளோ கெட்டிக்காரியை நான் கொலம்பஸுக்கு அனுப்புவேனா? எனக்கென்ன மூளை கழண்டு போச்சா? ஆமாம்னு எழுது கோனி. பெரிய எழுத்துல எழுது."

கூடம் வெடித்தது. ஜோலீன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள், தபால் ஆபீஸ் வரை கேட்டிருக்கும். நேராக மேசைக்குப் போய் எர்மாவைக் கட்டிக்கொண்டாள். அவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் கழித்து அவள் முதுகில் மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

"அப்ப இனிமே எங்களுக்கு யாரு?" என்று ராண்டி பரிதாபமாகக் கேட்டான்.

அவன் கேட்டு முடிப்பதற்குள் பிரெஸ்டன் கேல் பையிலிருந்து தன் முகவரி அட்டைகளை எடுத்து வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். மேயர் யாரும் பார்க்காதபோது ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.