ஒலிவ மரத்துக்கு அடித்த கரம்பை

சாந்த்ராகாச்சியிலிருந்து ஹௌராவுக்குப் போகும் சாலையில் பாதி வழி வந்த பிறகுதான் நகக்கண்களில் இன்னும் மண் இருப்பதைப் பார்த்தேன். காலையில் அந்த மரத்தின் மூட்டிலிருந்து தோண்டி எடுத்த கரம்பை, ஏரி வண்டல். சாலையோரக் குட்டையில் இறங்கிக் கழுவினேன். முழுதும் போகவில்லை. ரயில் பாதை போட மண் வெட்டிய பள்ளங்களெல்லாம் நிறைந்து, இரண்டு பக்கமும் தண்ணீராகவே கிடந்தது. என் மூட்டையில் ஒரு மாற்று வேட்டியும் ஒரு தகரக் குவளையும் இருந்தன. மழை வந்தால் நனைவது, நின்றால் காய்வது என்று நடந்துகொண்டிருந்தேன்.

அதற்கு முன்பும் பல இடங்களை விட்டு நடந்திருக்கிறேன். ரங்கூனில் ஒரு நெல் ஆலை, கரக்பூரில் ரயில் பாதை வேலை. சோறு சரியில்லை என்று ஒன்றை விட்டேன், மேஸ்திரி சரியில்லை என்று மற்றொன்றை விட்டேன். இந்தத் தோட்ட வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றுதான் சொன்னார்கள்.

அது சணல் வியாபாரம் செய்த ஒரு கிரேக்கரின் வீடு. அங்கே சமையல்காரர் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். ஹௌரா ஸ்டேஷனில் நான் தமிழில் யாரையோ வைதுகொண்டிருந்ததைக் கேட்டு நின்று, வேலை வேண்டுமா என்று கேட்டு அழைத்துப்போனார். தோட்டத்தில் ஒரிய மாலி ஒருவர் இருந்தார். அவருக்குக் கீழே மண் சுமக்கவும் களை எடுக்கவும் நான்.

தோட்டத்தில் மா, லிச்சி, பலா என்று எவ்வளவோ இருந்தன. கிரேக்கரின் மனைவியான துரைசானிக்குக் கண்ணெல்லாம் ஒரே மரத்தின் மேல்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் படித்த கொஞ்ச காலத்தில் ஒலிவ மரம் என்று கேட்டிருக்கிறேன். பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் எங்கள் முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கருவேலத்தின் வளர்த்திகூட இல்லை. தடித்த, ஒடுங்கிய இலை. மேலே கரும்பச்சை, திருப்பினால் சாம்பல் பூசினது போல வெளுப்பு. கல்யாணமாகிக் கப்பலேறும்போது தன் தகப்பனாரின் தோப்பிலிருந்து ஒரு குச்சியை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்து அவர் நட்டது.

வங்காளத்தில் எதை நட்டாலும் முளைக்கும். இந்த மரத்துக்கு அந்த ஈரம்தான் பகை. அதனால் உடைத்த செங்கல், சுண்ணாம்புக் காரை, ஆற்று மணல் இவற்றை இடுப்பளவு மேடாகக் கொட்டி அதன் மேல் மரத்தை வைத்திருந்தார்கள். மழைக்காலம் வந்தால் மூங்கில் நட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, விழுகிற தண்ணீரைத் தள்ளி ஓடவிட வேண்டும். மாலியின் வேலையில் பாதி அந்த மரத்தைக் காயப் போடுவதுதான்.

அது ஒரு நாளும் பூத்ததில்லை. நல்ல குளிர் பட்டால்தான் பூக்குமாம். இந்த ஊர்க் குளிர் அதற்குப் போதாது என்று வீட்டுக்காரர் கேலி செய்வாராம். நான் சேர்ந்த வருஷம் பனி கடுமையாக இறங்கியது. பங்குனியில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ வந்தது. சித்திரையில் மிளகு அளவுக்குக் காய் நின்றது.

அன்றைக்கு அந்த வீட்டில் நடந்ததைச் சமையல்காரர்தான் என்னிடம் சொன்னார்.

“ஊருக்குப் போறேன் போறேன்னு அம்மா வந்த நாள்லேர்ந்து அந்தப் பெரிய பொட்டி கட்டியே கெடந்துது தம்பி. இந்த மரம் காய்ச்சா நானும் இந்த ஊர்லயே இருந்துடறேன்னு தொரைகிட்ட ஒரு பேச்சு. நேத்து பொட்டியத் தொறந்து துணியெல்லாம் அலமாரில அடுக்கிட்டாங்க. இனிமே நம்ம அடுப்பு அணையாது.”

அவருடைய மனைவியும் மகள்களும் தோட்டத்துப் பின்கட்டில் இருந்தார்கள். துரைசானி போனால் வீட்டைப் பூட்டிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து சமையல்காரரும் தினம் ஒரு தரம் மேட்டுக்குப் போய்க் காயைப் பார்த்துவிட்டு வந்தார்.

வெயில் ஏறியதும் வீட்டுக்காரர்கள் டார்ஜிலிங்குக்குப் புறப்பட்டார்கள். புறப்படும்போது துரைசானி மாலியையும் என்னையும் மரத்தடிக்குக் கூப்பிட்டு, தமக்குத் தெரிந்த இந்துஸ்தானியில் விளக்கினார். தண்ணீர் இல்லாவிட்டால் இலை ஓரம் சுருண்டு வெள்ளை முதுகைக் காட்டும். பழைய இலையை உதிர்க்கும். தாங்க முடியாத காயையும் உதிர்க்கும், தாங்குகிறதை வைத்துக்கொள்ளும். வேர் ஆழம் போகாமல் மேலாகப் பரந்து கிடக்கும், கிடைக்கிற பனிநீரை எடுத்துக்கொள்ளும். கடைசியாக ஒன்று சொன்னார்.

“இது செத்த மாதிரி நிற்கும். நம்பாதே.”

ஆனி பிறந்ததும் மாலி ரத யாத்திரைக்குப் பூரிக்குப் போனார். ஒரிய மாலிகளை அந்த மாதத்தில் யாரும் பிடித்து நிறுத்த முடியாது. ஒரு சொட்டுக்கூட ஊற்றாதே என்று அவரும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அந்த வருஷம் மழை தள்ளிப்போனது. வானம் வெந்த தகரம் மாதிரி இருந்தது. துரைசானி சொன்னபடியே இலை சுருண்டது, பழைய இலை பழுத்து விழுந்தது. சுண்டைக்காய்க்குக் கொஞ்சம் சிறிதாக இருந்த காய்கள் காலையில் மேட்டில் சிதறிக் கிடந்தன. எல்லாம் சொல்லித்தான் போயிருந்தார். காது கேட்டுக்கொண்டது, கண் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் கை கழுவுகிற தண்ணீரைச் சும்மா தரையில் விடமாட்டோம். சாப்பிட்டு எழுந்தால் முருங்கை மூட்டிலோ கத்தரிச் செடியிலோதான் கழுவுவோம். வாடின செடியைத் தாண்டி வெறும் தரையில் கழுவினவனைப் பெண்கள் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். அந்த வழக்கத்தில் ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு ஒலிவ மரத்தடியில் கை கழுவினேன். மறுநாள் ஒரு செம்பு ஊற்றினேன். பிறகு குடம். செங்கல் மேட்டில் தண்ணீர் நிற்காமல் ஓடியது. ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. சாந்த்ராகாச்சி ஏரியில் தண்ணீர் வற்றி, ஓரத்தில் கறுப்புக் கரம்பை வெடித்துக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் கண்மாய்க் கரம்பை அடித்த நிலத்துக்கு இருக்கிற மதிப்பே வேறு. கூடை கூடையாகச் சுமந்து வந்து மேட்டின் மேல் பரப்பி, இடுக்கெல்லாம் அடைத்து, சுற்றிலும் வரப்புக் கட்டிப் பாத்தியாக்கினேன். யாரும் சொல்லாமல், கூலி கேட்காமல் செய்தேன். அப்படி மனசோடு நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

சமையல்காரர் பார்த்துவிட்டு நின்றார். “இன்னா தம்பி, ஊத்தக் கூடாதுன்னாங்களே.”

“பாத்துக்கிட்டு நிக்க முடியலண்ணே. காய் பூராவும் கொட்டிப் போயிரும்.”

“உங்க ஊர்ல குடிக்கவே தண்ணி கெடையாது. இங்க வந்து மரத்துக்குத் தண்ணிப் பந்தல் வைக்கிற” என்று சிரித்தார். ஆனால் தடுக்கவில்லை. காய் அவருக்கும் வேண்டும்.

மரம் பச்சை பிடித்தது. சுருண்ட இலை விரிந்தது, காய் உதிர்வது நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாலியும் துரைசானியும் வந்து பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் மழை இறங்கியது. தார்ப்பாய் கட்டினேன், குறை வைக்கவில்லை. ஆனால் வங்காள மழை மேலேயிருந்து மட்டும் வருவதில்லை; பக்கத்திலிருந்தும் காற்றிலிருந்தும் வருகிறது. மணலாக இருந்தால் வடிந்திருக்கும். என் கரம்பை ஒரு சொட்டைக்கூட விடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. இந்தத் தடவை இலை சுருளவில்லை. சுருளாமலே, மெத்தென்று மஞ்சளாகி, ஈரத்தோடு விழுந்தது. கூடவே காயும் விழுந்தது. நான் பயந்து தண்ணீரை நிறுத்தினேன். கரம்பையைச் சுரண்டி எடுக்கத் தோன்றவில்லை. அதையும் ஒரு தப்பென்று அப்போது நினைக்கவில்லை.

துரைசானி மலையிலிருந்து திரும்பியதும் வண்டியை விட்டு நேராக மேட்டுக்கு வந்தார். மண்ணுக்குள் மணிக்கட்டுவரை கையை விட்டு, எடுத்து முகர்ந்தார். அழுகின வாடை நான் நின்ற இடம்வரை வந்தது. யார் ஊற்றியது என்று கேட்டார். நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டார். காய் உதிர்ந்தது என்றேன்.

“அது உதிர்க்கும் என்று சொன்னேனே” என்றார். அவ்வளவுதான். வைதிருந்தால் வேட்டியை உதறிக்கொண்டு அன்றைக்கே போயிருப்பேன்.

மாலி திரும்பி வந்து தலையில் அடித்துக்கொண்டார். மரத்தை முழங்கால் உயரத்துக்கு அறுக்கச் சொன்னார் துரைசானி. அடியில் புடைத்திருந்த இடத்தை நகத்தால் கீறினார். உள்ளே மெல்லிய பச்சை இருந்தது. அவர்கள் தோப்பில் தீப்பிடித்த மரங்கள்கூட அந்தப் புடைப்பிலிருந்து துளிர்த்திருக்கின்றனவாம். துளிர்க்க வருஷக்கணக்காகலாம். அதுவரை யாரும் அதை ஒன்றும் செய்யக் கூடாது. என்னிடம், நீ இருந்து காவல் பார் என்றார். வேண்டுமென்றே என்னைச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மறுநாள் மாடியில் அந்தப் பெரிய பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. சமையல்காரர் அடுக்களை வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“நாம ரெண்டு பேரும்தான் பார்த்துக்கினு இருந்தோம்” என்றார். “நீ ஊத்துன, நான் சிரிச்சேன்.”

அவருடைய சின்ன மகள் என் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டேன். எழுந்து போனேன். அறுத்த மரத்துக்குப் பக்கத்தில் குனிந்து கை கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தேன். தண்ணீர் அந்தப் புடைப்பின் மேல் வழிந்துகொண்டிருந்தது. துண்டால் துடைத்தேன்.

அதற்கு மேல் அங்கே இருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. அந்த மரத்துக்கு வேண்டியது ஒன்றும் செய்யாத கை. என்னுடையது அப்படிப்பட்டதில்லை. மறுநாள் விடிந்ததும் மேட்டில் மிச்சமிருந்த கரம்பையெல்லாம் தோண்டி ஏரிக் கரையில் கொண்டுபோய்க் கொட்டினேன். கூடையை மாலியிடம் கொடுத்தேன். சமையல்காரர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அவர் வருகிறவரை நிற்கலாமா என்று யோசித்தேன். நிற்கவில்லை. மரத்தை நினைக்கும்போதைவிட, நிற்காமல் வந்ததை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஹௌராவில் மிதவைப் பாலத்தைக் கடந்து, பவானிபூரில் நம்மவர் நடத்திய ஒரு சாப்பாட்டுக் கடையில் படுத்துக்கொள்ள இடம் கேட்டேன். ஆபீஸ் குமாஸ்தாக்கள் சாப்பிடுகிற இடம். தெரு கழுவுகிற வேலைக்கு விடியற்காலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று அங்கே ஒருவர் சொன்னார்.

காலையில் போனேன். ஆற்றுத் தண்ணீர் வருகிற குழாயில் தோல் பைப்பை மாட்டித் தெருவெல்லாம் அடித்துக் கழுவ வேண்டும். மழைக்காலத்திலும் அடிக்கத்தான் வேண்டுமாம். மேஸ்திரி இரண்டு தெருக்களைச் சொன்னார். ஒன்று இரண்டு பக்கமும் மரம் வைத்த சாலை, நிழலும் காற்றும் இருக்கும். இன்னொன்று மீன் சந்தைக்குப் பின்னால் போகிற கல் பாவிய சந்து.

அந்தச் சந்து வேண்டும் என்று கேட்டேன். நாற்றம் பிடுங்கும் என்றார். பரவாயில்லை என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பைப்பின் பித்தளை மூக்கை என் கையில் கொடுத்து, குழாயைத் திறக்கப் போனார்.