துவைத்து வைத்த சுடிதார்

லாஸ்பேட்டையில் ஒரு தொண்டுக் கடையில் ஏழைகளுக்காகப் பழைய துணிகளை மலிவாகத் தருவார்கள். நல்லவற்றை நான் முந்திக்கொண்டு அள்ளிவந்து, துவைத்துத் தேய்த்து, வீட்டில் மூன்று மடங்கு விலைக்கு விற்பேன். "என் தங்கச்சிது, ஒரு தடவதான் போட்டா" என்று கூசாமல் சொல்வேன்.

ஒருநாள் பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா ஒரு மஞ்சள் சுடிதாரை எடுத்தார். அதே பொய்யைச் சொன்னேன்.

"இந்தத் தையல் நான் போட்டதும்மா. செத்துப்போன எம் பொண்ணுது. காரியம் முடிஞ்சதும், வூட்ல வைக்கக் கூடாதுன்னு எடுத்துக் குடுத்துட்டாங்க."

முகத்தில் அழுத்தி முகர்ந்தார்.

"தொவச்சிட்டியாம்மா?"

காசு வாங்காமலே நீட்டினேன். வேண்டாமென்று வைத்துவிட்டுப் போனார்.

இப்போதெல்லாம் அந்தக் கடைக்குத் துணி கொடுக்கத்தான் போகிறேன். அந்தச் சுடிதாரை மட்டும் யாருக்கும் கொடுக்க முடியவில்லை.