டார்ச் பிடித்த கை

“கொஞ்சம் டார்ச் பிடி” என்று யாராவது போனை நீட்டினால் இன்றைக்கும் என் மணிக்கட்டு விறைத்துக்கொள்கிறது. எல்லாம் அண்ணியின் கம்ப்யூட்டரால் வந்தது என்று சொல்ல ஆசைதான். அப்படிச் சொல்லித் தப்பிக்கக் கூடாது. என்னால் வந்தது.

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். செவிலிமேட்டில் எங்கள் வீட்டு நடு அறையில் உட்கார்ந்து, என் அண்ணன் மனைவி பட்டுச்சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டம் கட்டமாக அவர் நிரப்பும் அன்னமும் மாங்காயும்தான் பிறகு தறிக்குப் போகும். வேலை கொடுத்த சேலைக் கடை திடீரென்று புது சாஃப்ட்வேருக்கு மாறியது. எங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டர் அதைத் திறப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும். திங்கட்கிழமைக்குள் ஒரு முகூர்த்தச் சேலை டிசைனை அதில் வரைந்து அனுப்ப வேண்டும். இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அண்ணன் இன்னொரு வழியைத் தயாராக வைத்திருந்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அண்ணிக்கு ஒரு தொழிற்சாலை வேலை, விடியுமுன் தெருமுனைக்கு வரும் கம்பெனி பஸ். அண்ணியின் குழந்தைக்கு எட்டு மாதம். பஸ் ஏறுவதென்றால் அதற்குப் பால் மறக்கடிக்க வேண்டும்.

புதுக் கம்ப்யூட்டர் கட்டுப்படியாகாது. பெட்டியும் டிஸ்க்கும் மானிட்டரும் பழசே இருக்கட்டும், மதர்போர்டையும் பிராசசரையும் மாற்றினால் போதும் என்றார் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரர். பழைய ரேம் பொருந்தாது என்பதால் இரண்டு ரேமும் சேர்த்து செகண்ட் ஹேண்டில் கொடுத்தார். அண்ணியின் சீட்டுப் பணம் அதோடு தீர்ந்தது. மாட்டுவதை வீடியோ பார்த்துத் தானே செய்வதாகச் சொல்லிவிட்டார்.

வாங்கி வந்தது வெள்ளிக்கிழமை. அண்ணி குழந்தையைக் குளிப்பாட்டப் போயிருந்தார். வீட்டுக்கு ஒரு பொருள் வந்தால் பொட்டு வைக்காமல் விடுவோமா? அதிகப்பிரசங்கி நான், குங்குமச் சிமிழை எடுத்தேன். போர்டின் நடுவில் ஒரு கறுப்பு மூடி இருந்தது. பேக்கிங் என்று நினைத்து நெம்பிவிட்டேன். உள்ளே தங்க நிறத்தில் முடியளவு மெல்லிய பின்கள் நூற்றுக்கணக்கில் நின்றன. பிராசசர் உட்காரும் இடம் அது என்று எனக்கு எங்கே தெரியும்? ஓரத்தில்தான் பொட்டு வைத்தேன். விரலிலிருந்து ஒரு சிட்டிகை உள்ளே உதிர்ந்தது. பதறிப்போய்த் துப்பட்டா நுனியால் துடைத்தேன். துணி எதிலோ மாட்டி இழுபட்டது. மூடியை அமுக்கி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலத் துணி மடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் பராமரிப்புக்காகக் காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். வருவதற்குள் மாட்டிவிடலாம் என்று அண்ணி உட்கார்ந்தார். ஜன்னல் இல்லாத அறை, என் கையில் டார்ச். அவர் மூடியைத் திறந்ததும் உள் மூலையில் சிவப்பு தெரிந்தது. கையை ஒரு விரற்கடை சாய்த்தேன். மூலை இருட்டில் போயிற்று.

“நல்லாக் காட்டு பாப்பா,” என்றார்.

காட்டுகிறேன் அண்ணி என்றேன். பாவி. அவர் பிராசசரை வைத்து, அதைப் பூட்டும் கம்பியை அழுத்தியபோது நற என்று சத்தம் வந்தது. அப்படித்தான் வரும் என்று வீடியோவில் சொன்னார்களாம்.

கரண்ட் வராமலே இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு வந்தது. ஃபேன் சுற்றியது, மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. ரேமை மாற்றி மாற்றிப் போட்டும் கறுப்புதான். அண்ணி கடைக்காரருக்குப் போன் போட்டு, ஏமாற்ற நாங்கள்தான் கிடைத்தோமா என்று அதுவரை நான் கேட்டிராத குரலில் கத்தினார். அந்த மனிதர் எடுத்து வரச் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

டவுன் பஸ்ஸில் அண்ணி போர்டைக் குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தார். கடைக்காரர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சின்ன இடுக்கியால் எதையோ இழுத்து வெள்ளைத்தாளில் வைத்தார். பச்சை நூல்.

“உள்ள குங்குமம் கீதும்மா. யாரு வெச்சது?”

அண்ணி நூலைப் பார்த்தார். என் பச்சைத் துப்பட்டாவைப் பார்த்தார். எனக்கு நாக்கு எழவில்லை.

“நான்தாண்ணா. வெள்ளிக்கிழமையாச்சேன்னு வெச்சிட்டேன். போன்ல பேசுனத மனசுல வெச்சிக்காதீங்க,” என்றார் அண்ணி.

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். அவர் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ஊசி முனையால் ஒவ்வொரு பின்னாக நிமிர்த்தினார். ஒன்று உடைந்துவிட்டது. திரையில் வெளிச்சம் வந்தது. ஆனால் அந்த ஒரு பின் போனதில் ஒரு ரேம்தான் வேலை செய்தது. அதுவே போதும் என்றார் அண்ணி. ஞாயிறு முழுக்க வரைந்து திங்கட்கிழமை அனுப்பிவிட்டார். கம்பெனி பஸ் அவருக்காக நிற்கவே இல்லை.

ஆனால் பெரிய டிசைன் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் பாதியில் திணறும். அண்ணி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார். நான் அந்த அறையில் நிற்க முடியாமல் வெளியே போய்விடுவேன். ஒரு நாளும் அவர் என்னைக் கேட்கவில்லை. குங்குமம் மட்டும்தான் அவருக்குத் தெரியும் என்று ஆறு வருடமாக நினைத்திருந்தேன்.

கல்யாணமாகி இப்போது வாலாஜாபாத்தில் இருக்கிறேன். நேற்று அண்ணி போன் செய்தார்.

“பாப்பா, புது போர்டு வந்துக்கீது. ஞாயித்துக்கெழம மாட்டப் போறேன். நீ வந்து டார்ச் புடி.”

அந்த அறையில் இப்போது இன்வெர்ட்டர் இருக்கிறது, டார்ச் எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன்.

“இந்த தபா நேரா புடி,” என்றார்.

கை விறைத்தது. கடையில் எழாத நாக்கு அப்போதுதான் எழுந்தது.

“நான்தான் அண்ணி.”

“தெரியும். காலையிலயே வந்துடு,” என்று போனை வைத்துவிட்டார்.