ரீ என்று தொடங்கும் சொற்கள்

மூன்று வயது மகள் ஜுரத்தில் கிடந்த நாட்களில் என் மடியில் ஆங்கில நோட்டு இருந்தது. ஆசிரியப் பயிற்சிக்கான பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. மகாபலிபுரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த என் கணவர், 'ரீ' என்று தொடங்கும் வினைச்சொற்களை வரிசையாக எழுதிக்கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தார்.

ரிட்டர்ன், திரும்பி வருவது. ரிகவர், தேறுவது. "எல்லாத்துலயும் 'மறுபடி' இருக்கும்னு நெனச்சுடாதே. ரிஃப்யூஸ்னா வேண்டாம்னு சொல்றது, அவ்வளவுதான்" என்றார். ரிலாப்ஸ் என்பதற்கு எதிரே 'தேறியவர் மீண்டும் நோயில் விழுவது' என்று எழுதினேன். வாக்கியம் மட்டும் எழுதவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதை எழுதக் கை வரவில்லை.

டைபாய்டு என்று சொன்ன செங்கற்பட்டு டாக்டர் மாத்திரையோடு ஆங்கிலத்தில் ஒரு சீட்டும் கொடுத்திருந்தார். ஜுரம் விட்டுப் பத்து நாள் கழித்தே சோற்றை 'ரிஸ்யூம்' செய்யலாம் என்றிருந்தது. நிறுத்தியதை மீண்டும் தொடங்குவது. அதுவும் என் வரிசையில் இருந்த சொல்தான்.

பத்தொன்பதாம் நாள் உடம்பு குளிர்ந்தது. மறுநாளே சோறு கேட்டு அழுதாள். மீன் கொண்டுவரும் அம்மாள் கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, கொழந்த எழுந்து குந்திகினு கீது, இன்னும் கஞ்சித்தண்ணியே ஊத்திகினு கீறியே? தலைக்கு ஊத்தி ரசஞ்சோறு போடு. அஞ்சு பெத்தவ சொல்றேன்."

"டாக்டர் பத்து நாள்னு எழுதியிருக்காரே."

"பேப்பரு இன்னா, புள்ள பெத்துச்சா?"

உள்ளேயிருந்து நாத்தனார் சிரித்தாள். "நல்லாக் கேளு. படிச்சவ வூட்டுல பொறந்தா பட்டினிதான்."

ஜுரம் விட்டதும் தலைக்கு ஊற்றிச் சோறு போடுவது எங்கள் வீட்டிலும் வழக்கம்தான். கணவர் வரட்டும் என்று நினைத்தேன். வயதில் மூத்த நாத்தனார் பேச்சைத் தட்டினேன் என்று ஆகுமே என்றும் நினைத்தேன். வெந்நீர் ஊற்றிச் சோற்றைக் குழைத்து ஊட்டினேன். ஆசையாகத் தின்றாள். அடுத்த இரண்டு நாளும் கொடுத்தேன். கணவரிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கால் சில்லிட்டு நெற்றி கொதித்தது. வயிறு உப்பியிருந்தது. சோறு கொடுத்தேன் என்று மட்டும் அவரிடம் சொன்னேன்; எத்தனை நாள் என்று சொல்லவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் செங்கற்பட்டுக்கு ஓடினோம்.

"சோறு குடுத்தீங்களா?" என்றார் டாக்டர்.

கணவர் முந்திக்கொண்டார். "ஒரு வேளைதான் சார். இவளுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. சீட்டு புரியலை."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். டாக்டர் முகத்தில் இருந்த கடுமையும் தணிந்தது. மருந்து எழுதப் பேனாவை எடுத்தார். வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று தெரிந்தது. மகள் கண்ணைத் திறக்காமல் முனகினாள்.

"இல்ல சார், மூணு நாள் குடுத்தேன். சீட்டைப் படிச்சேன். புரிஞ்சுது."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு மறுபடி வயிற்றை அழுத்திப் பார்த்தார். "உடனே வார்டுல சேருங்க. நாலு நாள் தாண்டினாத்தான் எதுவும் சொல்ல முடியும்."

தாண்டினாள். இப்போதும் அவள் தட்டில் நான் சோறு வைக்கும்போது கணவர் கையிலுள்ள பேப்பரை இறக்கிவிட்டுப் பார்க்கிறார். நானும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிசைகிறேன்.